வீட்டில் வார்த்த ஈய ஜிக்குக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி: மலைநாட்டுக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

ஜிக் என்பது மீன் மாதிரி ஈயத்தில் வார்த்து, முள் கொழுவித் தூண்டிலில் போடுகிற செயற்கை இரை, அது கடல் சாமான். இலங்கை மலைநாட்டின் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் கிடைக்கிற திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் அது தேவைப்படாது, மண்புழுவோ பாண் உருண்டையோ போதும். ஆனால் லீவு கிடைத்ததும் கண்டி, தம்புள்ளை, ஹபரணை என்று பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போய், போட்டில் இருந்து பாரைக்கும் அறக்குளாவுக்கும் ஜிக் போடுகிற ஆட்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருக்கிறார்கள். கடை ஜிக்கின் விலையைப் பார்த்துவிட்டு ஈயம் வாங்கி வீட்டிலேயே வார்க்கவும் பழகிவிட்டார்கள். வார்ப்பதில் பெரிய சிக்கல் வருவதில்லை, பெயிண்டில்தான் வருகிறது. "அண்ணே, ரெண்டு தரம் பாறையில பட்டதும் பாளம் பாளமா உரிஞ்சு வந்துருச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எந்தப் பெயிண்ட் என்று இல்லை, எந்த மாதம், எந்த நேரத்தில் அடித்தீர்கள் என்றுதான்.

பெயிண்ட் டின்னில் எழுதியிருக்கிற காயும் நேரம் எல்லாம் 20, 25 பாகை செல்சியஸ் வெப்பமும் நடுத்தரமான ஈரப்பதமும் உள்ள இடத்துக்கானது. கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில்தான். ஹட்டன் அதைவிடக் கொஞ்சம் சூடு, ஆனால் மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் உடுப்பே நாட்கணக்கில் காயாது. அந்த நேரத்தில் அடித்த பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது.

காலத்தைத் தேர்வது

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் என்றால் பெப்ரவரியும் மார்ச்சும்தான் பெயிண்ட் மாதங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூனில் இருந்து ஓகஸ்ட் வரை மழை குறைந்த காலம், அங்கே இருப்பவர்களுக்கு அது வசதி. திருகோணமலைக் கடல் ஏப்ரல், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அமைதியாக இருப்பதால் மேற்குச் சரிவில் இருக்கிறவர்கள் மார்ச்சுக்குள் வேலையை முடித்தால் சீசனுக்குச் சரியாக இருக்கும். ஒரு நாளுக்குள் என்றால் காலைப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு, பத்து மணியில் இருந்து இரண்டு மணிக்குள். பின்னேரம் மூடுபனி இறங்கத் தொடங்கினால் டின்னை மூடிவிடுங்கள். நிறம் மட்டும்தானே பாக்கி, அடித்துவிடலாம் என்று அவசரப்படுவதில்தான் பாதி ஜிக் கெட்டுப்போகிறது.

ஈயத்தைத் தயார் பண்ணுவது

முதலில் ஈயத்தின் சங்கதி. ஈயத் தூள் உடம்புக்குள் போனால் வெளியே போவது மெதுவாகத்தான், அதுவும் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். லயத்து வீட்டில் ஒரு காம்பராவும் ஒரு குசினியும்தான் இருக்கிறது, எங்கே செய்வது என்றால், இஸ்தோப்பில் ஒரு பழைய பேப்பரை விரித்துச் செய்யுங்கள், குசினியில் மட்டும் வேண்டாம். காய்ந்த ஈயத்தை சாண்ட் பேப்பரால் தேய்க்கவே கூடாது. ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து நனைத்து நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. அந்தத் தண்ணீரைப் பீலிக்கரையில் ஊற்றாதீர்கள். மண்டியைப் படியவிட்டு, பேப்பரோடு சேர்த்துப் பொலித்தீனில் கட்டி, பிள்ளைகளும் ஆடு மாடும் அண்டாத இடத்தில் வையுங்கள். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் டீ.

வார்ப்பு இணைந்த இடத்தில் ஓரமாக ஒரு பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி எடுங்கள், ஈயம் மென்மையானது, வெண்ணெய்க் கட்டியைச் சீவுகிற மாதிரி வரும். அரம் போட்டால் ஈயம் அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டு மேற்பரப்பில் ஆழமான கோடு விழும். சீவிய பிறகு 240ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் நனைத்து ஒரு தரம், 400ஆம் நம்பரால் ஒரு தரம். அதற்கு மேல் வழவழப்பாக்க வேண்டாம், பெயிண்ட் பிடிக்க ஒரு சொரசொரப்பு வேண்டும். குழி இருந்தால் கராஜில் டிங்கரிங் வேலைக்குப் போடுகிற பாடி பில்லரைக் கொஞ்சம் வாங்கி அடைத்து, காய்ந்ததும் திரும்ப நனைத்துத் தேயுங்கள்.

இப்போது எண்ணெய் போக்குவது. பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போட்டு ஒரு பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, பிறகு ஒரு வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்துத் துடையுங்கள். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு வருவது நிற்கிற வரைக்கும் துடைக்க வேண்டும். இதற்குப் பிறகு வெறும் விரலால் ஜிக்கைத் தொடாதீர்கள், ஜிக்கின் கண்ணில், அதாவது கயிறு கட்டுகிற துளையில், ஒரு கம்பியை மாட்டி அதைப் பிடித்தே எல்லா வேலையும் செய்யுங்கள். சிலர் வினாகிரியில் ஊறப்போடச் சொல்வார்கள். வினாகிரி ஈயத்தோடு சேர்ந்தால் ஈய அசற்றேற்று என்ற உப்பு உண்டாகும், அது தண்ணீரில் கரையும் நஞ்சு. அந்த வேலையே வேண்டாம்.

வார்த்த ஜிக்கை அலுமாரி லாச்சியில் வைத்து மறந்துவிட்டால் மேலே வெள்ளையாக மா பூத்திருக்கும். பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று வெறும் கையால் தட்டிவிடுவார்கள். அது பூஞ்சணம் இல்லை, பலகையில் இருந்து வருகிற அமில ஆவியும் இங்கத்தைய ஈரமும் சேர்ந்து ஈயத்தை அரித்து உண்டான ஈயக் காபனேற்றுத் தூள். அதன் மேல் அடித்த எந்தப் பெயிண்டும் அந்தத் தூளில்தான் ஒட்டும், ஈயத்தில் ஒட்டாது. நனைத்துத் தேய்த்து மினுங்குகிற ஈயம் தெரிய வேண்டும், தெரிந்த அன்றைக்கே ப்ரைமர் என்ற அடிப்பூச்சைப் போட்டுவிட வேண்டும். ஜிக்கை வைக்கப் பலகைப் பெட்டியை விடப் பிளாஸ்டிக் டப்பா நல்லது.

உலோகத்தைச் சூடாக்குவது

மலையில் பெயிண்ட் நிற்பதும் உரிவதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. சாமத்துக் குளிரில் கிடந்த 100 கிராம் ஈயம், காலையில் சுற்றியிருக்கிற காற்று சூடாகிய பிறகும் கொஞ்ச நேரம் குளிராகவே இருக்கும். ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தண்ணீர்ப் படலம் படியும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். ஸ்ப்ரே பெயிண்ட் இன்னும் மோசம், அதில் இருக்கிற தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பை இன்னும் குளிராக்கும், அதனால்தான் மினுங்க வேண்டிய பெயிண்ட் அரை மணித்தியாலத்தில் பால் ஊற்றியது போல் வெளுத்துப்போகிறது.

இதற்கு வைத்தியம் சுலபம். அடிப்பதற்கு முன் ஜிக்கைக் கைக்கு இதமான சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், 30, 40 பாகை போதும். தலைமயிர் உலர்த்தும் டிரையர் இருந்தால் ஒன்றிரண்டு நிமிடம். இல்லாவிட்டால் ஒரு ரெஜிபோம் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பக்கச் சுவரில் முட்டாமல் பொருத்தி, மேலே நாலு துளை போட்டு, ஜிக்குகளைக் கம்பியில் கொழுவித் தொங்கவிட்டால் 30, 35 பாகைக்கு வரும். எல்இடி பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். இந்தப் பெட்டி கடைசி மேல்பூச்சு வரை வேலைக்கு வரும், அதனால் கொஞ்சம் நேர்த்தியாகச் செய்துவையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இப்போதுதான் ஸ்ப்ரே அடித்த ஈர ஜிக்கை உடனே உள்ளே வைக்காதீர்கள், தின்னர் ஆவி அடைத்த பெட்டியில் சூடான பல்பு என்றால் தீப்பிடிக்கும். வெளியே வைத்து மணம் அடங்கிய பிறகு உள்ளே.

ப்ரைமரும் வெள்ளையும்

வாகனங்களுக்கு அடிக்கிற மெட்டல் ப்ரைமர் போதும், ஸ்ப்ரே டின்னில் கிடைக்கும். ஜிக்கை மாதிரியே டின்னையும் சூடாக்க வேண்டும், குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து தூறல் பெரிய பெரிய துளியாகத் துப்பும். வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் நிற்கவைத்தால் சரியாகிவிடும். அடுப்பு, கொதிதண்ணீர் பக்கம் டின்னைக் கொண்டுபோகாதீர்கள். பிறகு நன்றாகக் குலுக்கி, 20, 25 சென்றிமீற்றர் தள்ளி நின்று, ஜிக்குக்கு வெளியே தொடங்கி ஜிக்கைத் தாண்டி முடிகிற மாதிரி கையை வீசுங்கள். முதல் பூச்சில் ஈயம் இன்னும் தெரிந்தால்தான் சரியான அளவு. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, அப்புறம் தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் சொட்டு நிற்கும், அந்தச் சொட்டு நாள் கணக்கில் காயாது.

ப்ரைமர் பெட்டிக்குள் ஒரு ராத்திரி இருக்கட்டும். அடுத்த நாள் வெள்ளை அடியுங்கள். பச்சை, செம்மஞ்சள், ரோஸ் என்று கண்ணைப் பறிக்கிற பளிச் நிறங்களுக்குக் கீழே வெள்ளை இல்லாவிட்டால் சேறு பூசிய மாதிரி மங்கித் தெரியும், அந்தப் பெயிண்டுகள் மெல்லியவை, ஒளி அவற்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

பாயில் என்ற மினுக்கத் தாளை ஒட்டுகிறவர்களுக்கு

மீன் செதில் மினுக்கம் வேண்டும் என்றால் வெள்ளைக்குப் பதில் பாயில். பின்பக்கம் பசை உள்ள ஹோலோகிராம் ஸ்டிக்கர் பேப்பரோ, குளிரூட்டிக் குழாய்க்குச் சுற்றுகிற அலுமினிய டேப்போ நல்லது. டீத்தூள் பக்கட்டின் உட்பக்கத்து வெள்ளித்தாளை ஒட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு, அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்தது, வளைவில் இழுபடாமல் சுருக்கம் விழும், தட்டையான ஜிக்குக்கு மட்டும்தான் சரிவரும்.

ஜிக்கின் ஒரு பக்கத்தைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கோட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் வெளியே வெட்டுங்கள். பாயில் ஒட்டும்போது ப்ரைமர் நன்றாகக் காய்ந்து வழவழப்பாக இருக்க வேண்டும், ஒரு மண் துகள் இருந்தாலும் மேலே பரு மாதிரி தெரியும். நடுவில் இருந்து ஓரத்துக்குத் தேக்கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டே போங்கள். ஓரத்தில் சுருக்கம் வந்தால் அந்த இடத்தில் சின்ன வெட்டுப் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துத் தேயுங்கள். மறுபக்கமும் இப்படியே. இரண்டும் சந்திக்கிற இடம் முதுகிலும் வயிற்றிலும் வரும், முதுகை நிறம் மூடிவிடும், வயிற்றை மேல்பூச்சு மூடிவிடும்.

நிறம்

தண்ணீருக்குள் சிவப்புத்தான் முதலில் காணாமல் போகும், பத்து மீற்றருக்குள்ளேயே கறுத்துவிடும். நீலமும் பச்சையும்தான் ஆழத்துக்குப் போகும். அதனால் ஆழத்தில் போடுகிற ஜிக்குக்குச் சாதாரணச் சிவப்பில் காசைச் செலவழிக்காதீர்கள், பளிச் ரோஸும் பளிச் செம்மஞ்சளும் வேறு, அவை நீல ஒளியை வாங்கித் தங்கள் நிறத்தையே திருப்பி விடும். என் அபிப்பிராயத்தில் நாலு ஜிக் இருந்தால் போதும்: முதுகு நீலம் வயிறு வெள்ளி ஒன்று, அது சூடை மீன் மாதிரி, ரோஸும் வெள்ளியும் ஒன்று, பச்சையும் பொன்னும் ஒன்று, இருட்டில் ஒளிரும் வெள்ளைப் பட்டை போட்டது ஒன்று. மீனை விட மனிசரைப் பிடிக்கத்தான் கடையில் நாற்பது நிறம் தொங்குகிறது.

அடிக்கிற வரிசை எப்போதும் வெளிரில் இருந்து அடர்த்திக்கு, வயிற்றில் இருந்து முதுகுக்கு. செதில் கோலத்துக்கு வெங்காயம் வருகிற வலைப்பையை வெட்டி ஜிக்கைச் சுற்றி இறுக்கிக் கிளிப் போட்டு, முதுகுப் பக்கம் மட்டும் ஒரு வீச்சு அடியுங்கள். இரண்டு நிமிடம் கழித்து வலையை மேலே தூக்கி எடுங்கள், இழுத்தால் கோலம் அழிந்துவிடும்.

ஒளிரும் தூளைப் பெயிண்டில் கலக்காமல் எபொக்சியில் (ரெசினும் கடினமாக்கியும் என்று இரண்டு போத்தலில் வந்து, கலந்ததும் இறுகுகிற பிசின்) கலந்து பட்டையாகப் பூசுங்கள். ஸ்ட்ரோன்சியம் அலுமினேற்று என்ற அந்தத் தூள் பாரமானது, கலந்த கையோடு பூசாவிட்டால் அடியில் படிந்துவிடும். ஈரம் பட்டால் நாளடைவில் செத்தும் போகும், அதனால் அதற்கு மேல் தெளிவான பூச்சு கட்டாயம்.

கண்ணுக்கு ஸ்டிக்கர் வாங்கலாம், ஆனால் ஆணி இருந்தால் போதும். தட்டையான தலையுள்ள ஒரு அங்குல ஆணியை மஞ்சள் பெயிண்டில் மெதுவாகத் தொட்டு ஜிக்கின் தலையில் செங்குத்தாக ஒரு முறை வைத்து எடுங்கள், அழுத்தினால் நடு வெறுமையாகி வளையமாகிவிடும். அது காய்ந்ததும் விளக்குமாற்று ஈர்க்கின் நுனியைச் சதுரமாக வெட்டி, கறுப்பில் தொட்டு, நடுவில் ஒரு புள்ளி. பெர்மனன்ட் மார்க்கரால் கோடு போடுகிறவர்கள் கவனம், அதன் மை மேல்பூச்சில் கரைந்து பரவும். எந்தப் பெயிண்டுக்கு மேல் எந்தப் பெயிண்ட் என்பதையும் ஒரு உடைந்த ஈயத் துண்டில் முதலில் பாருங்கள், எனமல் பெயிண்டுக்கு மேல் லக்கர் ஸ்ப்ரே அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பும்.

பவுடர் பெயிண்ட்

மலைநாட்டு ஈரத்துக்கு உண்மையில் பொருத்தமானது இதுதான். அலுமினிய ஜன்னலுக்கும் இரும்புக் கேட்டுக்கும் பவுடர் கோட்டிங் செய்கிற இடங்களில் விசாரித்தால் கொஞ்சம் தூள் வாங்க முடியும். ஜிக்கை ஹீட் கன்னாலோ, சாப்பாட்டுக்குப் பாவிக்காத ஒரு சின்ன அவனிலோ 175 பாகை அளவுக்குச் சூடாக்கி, குலுக்கித் தளர்த்திய தூளில் இரண்டு மூன்று செக்கன் முக்கி எடுத்தால் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு 180 பாகையில் 15, 20 நிமிடம் வேகவைத்தால் கல் மாதிரி இறுகும். ஈயம் 327 பாகையில்தான் உருகும், பயமில்லை. ஈயத்துக்குப் பதில் பிஸ்மத் கலந்த வெள்ளீயக் கலவையில் வார்த்தவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், அந்தக் கலவை 138 பாகையிலேயே உருகத் தொடங்கும். பில்லர் போட்ட ஜிக்கும் இதற்குச் சரிவராது, சூட்டில் குமிழ் எழும். பாயிலும் கோலமும் இதில் கஷ்டம், அதனால் வெள்ளை அடிப்பூச்சை மட்டும் பவுடரில் போட்டு, மேலே ஸ்ப்ரே அடிப்பதும் நல்ல வழி.

மேல்பூச்சு

பாறையில் இடிபடுவதும் அறக்குளாவின் பல்லில் மாட்டுவதும் இந்தப் பூச்சுத்தான். மூன்று வழி இருக்கிறது. கராஜில் அடிக்கிற இரண்டு பாக கிளியர் பளபளப்பானது, ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோகும், வீட்டில் அடிக்கவே கூடாது. யூவி ரெசின், நகத்துக்குப் பாவிக்கிற யூவி விளக்கின் கீழ் சில நிமிடத்தில் இறுகும், குளிரைப் பற்றிக் கவலை இல்லை, மேலே பிசுபிசுப்பு இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்தால் போகும். அவசரத்துக்கு அது சரி. நின்று உழைக்க எனக்குப் பிடித்தது எபொக்சிதான்.

எபொக்சி குளிரில் இரண்டு விதமாகப் படுத்தும். ஒன்று, தேன் மாதிரி தடித்துப்போய்க் குமிழ் வெளியேறாது. இரண்டு, வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், 25 பாகையில் ஒரு நாளில் இறுகுவது 15 பாகையில் இரண்டு நாள் எடுக்கும். ஆகவே இரண்டு போத்தலையும் மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து, போத்தலை நன்றாகத் துடைத்து, மருந்துக்கடை சிரிஞ்சால் அளந்து எடுங்கள். ரெசினுக்கு ஒரு சிரிஞ்ச், கடினமாக்கிக்கு வேறு சிரிஞ்ச். அளவு கனவளவா நிறையா என்று போத்தலில் பார்த்து அதன்படி அளக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று கடினமாக்கியைக் கூட ஊற்றினால் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, குச்சியால் மூன்று நிமிடம், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, அடிக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். கலவையில் முதலில் புகை மாதிரி இழை தெரியும், அது முழுக்க மறைந்து கண்ணாடியாகத் தெரிந்தால்தான் கலந்திருக்கிறது. சூடான ஜிக்கில் தட்டைப் பிரஷால் மெல்லியதாகப் பூசுங்கள், சூட்டில் அது தானாக ஓடிச் சமப்படும். குமிழ் இருந்தால் டிரையரைத் தூரத்தில் பிடித்து ஒரு முறை காட்டுங்கள், வெடித்துப்போகும்.

இனிச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வாலில் வந்து தொங்கும். பற்றரியில் ஓடுகிற அலங்கார விளக்கு மோட்டர் ஒன்று இருந்தால் அதில் ஒரு ரெஜிபோம் துண்டைக் குத்தி, ஜிக்கின் கம்பியைச் சொருகிச் சுற்றவிடுங்கள், நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுப் போதும். மோட்டர் இல்லையா, கொழுவித் தொங்கவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தலைகீழாக மாற்றுங்கள், அது இறுகி ஓடாமல் நிற்கும் வரைக்கும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டியதுதான். பிறகு பல்புப் பெட்டிக்குள்.

காலையில் பார்த்தால் மேலே மெழுகு தடவிய மாதிரி ஒரு வழுவழுப்போ வெண்மையோ இருக்கலாம். கடினமாக்கி காற்றில் உள்ள ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து உண்டாக்குகிற படலம் அது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவாமல் இரண்டாவது பூச்சுப் போட்டால் இரண்டும் ஒட்டாது. கழுவி, உலர்த்தி, 400ஆம் நம்பரால் லேசாகத் தேய்த்து, இரண்டாவது பூச்சு. முழுதாகப் பலம் வர ஒரு வாரம் பெட்டிக்குள் விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

வளையமும் முள்ளும்

கயிறு கட்டுகிற கண்ணில் பெயிண்ட் அடைத்திருந்தால் கை டிரில்லால் குடைந்து எடுங்கள். கூரான கம்பியால் தோண்டினால் ஓரத்தில் பூச்சு விரிசல் விடும், அந்த விரிசலால்தான் உப்புத்தண்ணீர் உள்ளே நுழையும். குடைந்த இடத்தில் ஒரு துளி எபொக்சி தொட்டுவிடுங்கள். ஸ்பிளிட் வளையமும் கயிற்றில் கட்டிய அசிஸ்ட் முள்ளும் போடும்போது, முள்ளின் நுனி ஜிக்கின் பாதி நீளத்தைத் தாண்டாமல் பாருங்கள், தாண்டினால் ஜிக் விழும்போது வால் பக்கம் சுற்றிக்கொள்ளும், பூச்சையும் கீறும்.

திருகோணமலைக்குக் கொண்டுபோகும்போது முள்ளைக் கழற்றி, ஒவ்வொரு ஜிக்கையும் ஒரு பழைய காலுறைத் துண்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நேர பஸ் குலுக்கலில் ஈயத்தோடு ஈயம் மோதினால் கடலைக் காண முன்னமே பூச்சு சிதறிவிடும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஈயம் தெரிகிற இடங்களை நனைத்துத் தேய்த்து, துடைத்து, சூடாக்கி, கொஞ்சம் எபொக்சியால் மூடிவையுங்கள். நிறம் போனதைப் பற்றி அவசரம் இல்லை, அதை அடுத்த பெப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம்.